'மலரே' என்றால் எந்த மலரே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த காதல் பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன். 'மலரே', 'கண்ணம்மா', 'உயிரே' என்று ஒற்றைச் சொல்லாகவே போட்டிருக்கிறீர்கள். படத்தின் பெயர்கூட இல்லை. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் முப்பது வருடம் கேசட் பதிவுக் கடையும் மைக்செட்டும் நடத்தியவன் நான். இப்போது மகன் பார்க்கிறான். பொள்ளாச்சியில் பெண் எடுப்பார்கள், பாலக்காட்டுச் சித்தூரில் மாப்பிள்ளை இருப்பார்; ஒரே பந்தலில் தமிழும் மலையாளமும் ஓடும் ஊர் இது.

போன ஆவணியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியம்மா, காலண்டர் தாளைக் கிழித்து 'மலரே' என்று மட்டும் எழுதி மகனிடம் நீட்டியிருக்கிறார். அவன் போனில் முதலில் வந்த 'பிரேமம்' பாட்டைப் போட்டான். பையன்கள் கூடவே பாடினார்கள். அந்த அம்மா, "இது இல்லை தம்பி" என்றார். அடுத்து 'கர்ணா' படத்து 'மலரே மௌனமா'. அதுவும் இல்லை. நான் பந்தியில் இருந்தேன். கை கழுவிவிட்டு வந்து அந்தத் தாளைப் பார்த்தேன். அந்த வயதுக்காரர் கேட்டால் அது 'மலரே குறிஞ்சி மலரே'யாகத்தான் இருக்கும். பாட்டைப் போட்டேன். அதற்குள் அவர்களுடைய வேன் கிளம்பிவிட்டது. காலமாகிவிட்ட வீட்டுக்காரர் பாடும் பாட்டாம், பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அந்தத் தாள் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது.

'மலரே குறிஞ்சி மலரே' இருக்கும் 'டாக்டர் சிவா' 1975-இல் வந்தது. எம்.எஸ்.வி. இசை, ஜேசுதாசும் ஜானகியும் பாடியது. 'கர்ணா' 1995, வித்யாசாகர் இசை, எஸ்.பி.பி.யும் ஜானகியும். 'பிரேமம்' 2015, பாடியவர் விஜய் ஜேசுதாஸ். இருபது இருபது வருட இடைவெளியில் மூன்று மலரே. முதல் பாட்டு அப்பா பாடியது, கடைசிப் பாட்டு மகன் பாடியது! 'பிரேமம்' படத்தில் மலர் என்பது தமிழ்நாட்டிலிருந்து வந்த டீச்சரின் பெயர், மலையாளப் பாட்டு அவளைத்தான் கூப்பிடுகிறது. எங்கள் எல்லை ஊர்க்காரனுக்கு இதைவிட இனிப்பான சேதி உண்டா? ஒற்றைச் சொல்லாகப் போட்டால் இவ்வளவும் காணாமல் போகிறது.

தமிழ் சினிமாப் பாட்டுக்குத் தனியாகத் தலைப்பு வைக்கிற வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை. பல்லவியின் முதல் வரியைச் சொல்வோம், கூடவே படத்தின் பெயரைச் சொல்வோம். கோவை வானொலியில் அறிவிப்பாளர் படம், பாடியவர், இசை எல்லாம் சொல்லித்தான் பாட்டுக்குப் போவார். அறுபது நிமிடக் கேசட்டில் பதிமூன்று பாட்டுப் பிடிக்கும். யார் சீட்டு கொண்டு வந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே படத்தை நோட்டில் எழுதிக்கொண்டுதான் பதிவு செய்வேன். இப்போது போனில் ஒரு வரியை ஒரு சொல்லாக நறுக்கிவிடுகிறார்கள். அதையே பத்திரிகையும் செய்தால் எப்படி?

கண்ணம்மாவும் அப்படித்தான். 'றெக்க' படத்திலும் (2016) கண்ணம்மா, 'காலா'விலும் (2018) கண்ணம்மா. இவர்களுக்கெல்லாம் முன்னே பாரதியின் கண்ணம்மா இருக்கிறாள். அப்புறம் 'உயிரே' என்றால் எங்கள் காசர்கோட்டுப் பேக்கல் கோட்டையில் எடுத்த 'பம்பாய்' பாட்டா, 1998-இல் வந்த 'உயிரே' படமா?

முதல் வரி, படம், வருடம், எழுதியவர், பாடியவர், இசை. ஒரு பாட்டுக்கு ஒரு வரி கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். என் நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பழைய கேசட் கடைக்காரர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்