பட்டர் சிக்கன் வேண்டாம், புளியோதரை கொண்டு போ

சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

சமையலில் ஆசை உள்ளவர்கள் சேர்ந்து ஆளுக்கொரு வீட்டுப் பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று நீ சொன்னதில் இருந்து எனக்கு ஒரே சந்தோஷம். ஹாம்பர்க்கில் தனியாகச் சாப்பிடுகிறாளே என்ற கவலை பாதி தீர்ந்தது. ஆனால் உன் முறைக்குப் பட்டர் சிக்கன் செய்யலாமா என்று கேட்டாயே, அதற்குப் போனில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

பட்டர் சிக்கன் டெல்லிக்காரர்களின் அருமையான பண்டம். நம் வீட்டு அடுப்பில் அது ஒருநாளும் வெந்ததில்லை. அங்கே எந்த இந்திய ஹோட்டலிலும் கிடைக்கிற ஒன்றை நீ ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? அவர்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று பயந்து செய்வதாக இருந்தால், அது உன் சமையலே இல்லை.

இங்கே எங்கள் குடியிருப்பிலும் மாடியில் கூடுகிறோம், தெரியும் அல்லவா? கொல்கத்தா அக்கா முதல்முறை சுக்தோ கொண்டுவந்தார். பாகற்காய், முருங்கைக்காய், வாழைக்காய், கத்தரிக்காய், வடகம் எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் கடுகு விழுது அரைத்துவிட்டு, கடைசியில் பால் ஊற்றி இறக்குகிறார்கள். கசக்கத்தான் செய்யும். பாகற்காயைக் குறைக்கலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, “எங்கள் ஊரில் விருந்தே கசப்பில்தான் ஆரம்பிக்கும், அதை எடுத்துவிட்டால் இது வேறு கறி” என்றார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது. இப்போது அதே கசப்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோம்.

மூன்றாவது மாடியில் ஒரு கொரியப் பெண் இருக்கிறாள். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் கார் வர ஆரம்பித்த பிறகு சென்னையில் கொரியக் குடும்பங்கள் நிறைய வந்துவிட்டன அல்லவா, அப்படி வந்தவள். கிம்ச்சி என்கிற அவர்கள் ஊர்க் காரமான ஊறுகாய் போடும்போது என்னையும் கூப்பிடுவாள். முட்டைக்கோஸின் ஒவ்வொரு மடலையும் விரித்து, தண்டுப் பக்கம் கூடுதலாக உப்புத் தடவி, மடல் ஒடியாமல் வளையும் வரை ஊறவைக்கிறாள். அப்புறம்தான் கழுவிப் பிழிந்து மிளகாய், பூண்டு, உப்பில் ஊறிய சின்ன இறால் விழுதைப் பூசுவது. குளிர்காலத்துக்கு முன் ஊரே கூடி இப்படிக் கிம்ச்சி போட்டுப் பங்கிட்டுக்கொள்வதைக் கிம்ஜாங் என்கிறார்கள். 2013-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது. நம் இட்லி மாவைப் புளிக்கவைக்கிற லியூகோனோஸ்டாக் பாக்டீரியா வகைதான் கிம்ச்சியையும் புளிக்கவைக்கிறதாம். அவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து என் மாவுப் பாத்திரத்தை மோந்து பார்த்து, பதம் வந்துவிட்டதா என்று அவளே சொல்கிறாள்!

பர்மா தாத்தா கதை உனக்குத் தெரியும். அறுபதுகளில் அங்கே கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கப்பலேறி வந்த குடும்பம். எல்லாரும் அந்த ஊர் நூடுல்ஸான அத்தோ செய்யுங்கள் என்பார்கள், அவர் மொஹிங்காதான் செய்வார். மீன் குழம்பில் எலுமிச்சைப் புல்லும் வாழைத்தண்டும் போட்டு, கடலை மாவு கரைத்துக் கெட்டியாக்கி, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவார். அந்த வாசனைக்கு அவர் முகமே மாறிவிடும்.

நீயும் அப்படி ஒன்றைக் கொண்டு போ என்கிறேன். புளியோதரை செய். சூடாக இருக்க வேண்டியதில்லை, பஸ்ஸிலும் ரயிலிலும் தூக்கிப் போகலாம். புளிப்பும் நல்லெண்ணெயும் இருப்பதால் மற்ற சாதம்போலச் சட்டென்று கெடாது. இரண்டு டம்ளர் அரிசிக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி. பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும் வரை காய்ச்சு. அவசரப்படாதே, அதில்தான் எல்லாம் இருக்கிறது. வெந்தயம் சிவந்தால் போதும், கறுத்தால் கசந்துவிடும். மிளகாய், மல்லி, எள்ளோடு பொடித்துக்கொள். பாஸ்மதி வேண்டாம், சோனா மசூரி வாங்கு. சாதத்தை அகலமான தட்டில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்துப் பிசை. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கலந்துவிட்டால் ஊறிப் பிடிக்கும்.

காரத்தைப் பாதியாக்காதே. கூடவே ஒரு டப்பா தயிர்ப் பச்சடி வை, வேண்டுபவர்கள் தொட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஒன்றில் மட்டும் கவனம். கடுகு, எள், நிலக்கடலை மூன்றுமே ஐரோப்பாவில் ஒவ்வாமைக்காகக் கட்டாயம் சொல்ல வேண்டிய 14 பொருள்களில் அடக்கம். பெருங்காயப் பொடியில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அதுவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு சீட்டில் எல்லாவற்றையும் எழுதிப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்துவிடு. கேட்கத் தயங்குகிறவர்கள் இருப்பார்கள்.

அவர்கள் கொண்டுவருவதையும் முதலில் அவர்கள் செய்கிறபடியே செய்து பார். கருவேப்பிலை தாளிப்பதெல்லாம் அப்புறம்.

உன்னோடு வருகிற ஈரான் பெண் தஹ்திக் செய்வாள் என்றாயே, அடியில் பொன்னிறமாகப் பிடிக்கிற சோறு. மூடியைத் துணியால் சுற்றி வைப்பார்கள் என்று மட்டும் தெரியும். அடியில் எவ்வளவு எண்ணெய் விடுகிறாள், தயிர் சேர்க்கிறாளா, தீ எப்போது குறைக்கிறாள், எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்து எழுது. அடுத்த மாடிக் கூட்டத்துக்கு நான் அதைத்தான் செய்வதாக இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா