அந்தச் செம்புக் கம்பியை எடுத்துவிடு

அன்புள்ள நண்பா,

உன் முந்தைய கடிதத்துக்கே நான் பதில் போடவில்லை. ஆறு மாதம் ஓடிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

நேற்று வந்த கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆம்ப்ளிஃபயரில் மூன்று தடவை பியூஸ் போனதாம், நான்காவது தடவை செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டாயாம்! ஆய்வுக்கூடத்தில் அன்று செய்த அதே வேலை. வாத்தியார் சொன்னது மறந்துவிட்டதா? முதலில் எழுந்துபோய் ப்ளக்கைப் பிடுங்கு. விளையாட்டில்லை. பியூஸ் போக வேண்டிய நேரத்தில் போகாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும், தீப்பிடிக்கவும் செய்யும்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரும்பாலும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர். இல்லையென்றால் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் டையோடு. ப்ளக்கை எடுத்த பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க விடாதே. கெபாசிட்டரின் இரு முனைகளுக்கும் இடையே 5 வாட் தாங்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஒரு நிமிடம் பிடித்து வை. மீட்டரில் பார்த்த பிறகே கையை வை. பிறகு டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டர் என்ற இரு கால்களுக்கும் இடையே அளந்து பார். மீட்டர் முனைகளை மாற்றி வைத்தும் ஓம் சுழியத்தை ஒட்டிக் காட்டினால் அது போய்விட்டது. அது போகும்போது அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் எமிட்டர் காலில் உள்ள ரெசிஸ்டரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், அவற்றையும் பார். புதிதை மாட்டும்போது, டிரான்சிஸ்டரின் மின்சாரம் சூடு இறக்கும் உலோகத்துக்குப் போகாமல் தடுக்கும் மைக்கா தகட்டை மறந்துவிடாதே.

மாற்றிய கையோடு நேரே மின்சாரம் கொடுத்துவிடாதே. சரியான அளவு பியூஸைப் போட்டு, ஸ்பீக்கரைக் கழற்றி வைத்து, லைனில் ஒரு 60 வாட் இழை பல்பைத் தொடராகப் போடு. பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் போகவில்லை. மங்கிய பிறகு ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. அளந்து பார். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. பல வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது, அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அந்த வாய்ஸ் காயில், வெந்துவிடும்.

என் ஆம்ப்ளிஃபயரும் போன வாரம் படுத்துவிட்டது. இடது பக்கச் சத்தம் வரும், போகும். வால்யூம் கன்ட்ரோலைச் சுத்தம் செய்தும் பலனில்லை. பாட விட்டு, மரக்குச்சியால் போர்டை மெல்லத் தட்டிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் சத்தம் துள்ளியது. நிறுத்திவிட்டு லென்ஸில் பார்த்தால், ஸ்பீக்கர் முனையைப் பற்றவைத்த ஈயத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல் வளையம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தேன். பாடகி மூச்சு வாங்குவது இப்போது இரு பக்கமும் கேட்கிறது. எவ்வளவு நாளாயிற்று தெரியுமா!

நீ முன்பு கேட்ட அந்த இரைச்சலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்புட் வயர்களை எல்லாம் கழற்றியதும் நின்றுவிட்டால் எர்த் லூப், அதாவது இரண்டு வழியாக எர்த் இணைந்து உண்டாகும் சுற்று. நிற்காவிட்டால் பவர் சப்ளை கெபாசிட்டர் மேல்தான் என் சந்தேகம்.

பல்ப் மங்கியதா, எரிந்ததா, அதை மட்டும் உடனே எழுது. அதுவரை பல்ப் இல்லாமல் அந்தப் பெட்டியில் ப்ளக் ஏறக் கூடாது.

உன் அன்பு நண்பன்