மகளுக்கு, களத்தில் இறங்கும் முன்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகளுக்கு,

ஆறாம் ஆண்டு முடித்து, முதல் படிவத்துக்கு முந்திய புகுமுக வகுப்போடு நின்றுவிடும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிய உன் ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். "எல்லாரும் தெரிந்தவர்கள், சுலபம்" என்கிறாய். என் கவலையே அங்கேதான், மா. வெளியாளிடம் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சரான உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வராது. அதனால் முதலில் நீ சம்மதம் கேட்காதே. பள்ளியைச் சேராத ஒருவர் விளக்கத் தாளைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். இரண்டு நாள் கழித்து அவரிடமே பதில் சொல்லட்டும். மறுத்தது யார் என்று உனக்குத் தெரியவே வேண்டாம். சக ஆசிரியர்களுக்கும் இதே முறைதான்.

கல்வி அமைச்சின் அனுமதி பள்ளிக்கு, மேனேஜரின் அனுமதி தோட்டத்துக்கு. தொழிலாளியின் சம்மதம் இரண்டிலும் அடங்காது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலோ ஆபீசிலோ பேசாதே; சாயங்காலம் அவர்கள் வீட்டில் முக்கால் மணி நேரம் போதும். பேட்டிக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிடு, பாதியில் நிறுத்தினாலும் கொடு.

அடையாளப் பத்திரம் இல்லாதவரிடம் கையெழுத்து வாங்கினால், அந்தத் தாளே அவரைக் காட்டிக்கொடுக்கும். வாய்மொழிச் சம்மதத்துக்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் இப்போதே விண்ணப்பி. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை என்றால் பெற்றோரைக் கேட்ட பிறகு பிள்ளையையும் தனியாகக் கேள்.

பெயரை மாற்றுவது மட்டும் போதாது. "அம்மாவுக்குச் சிவப்பு அடையாள கார்டு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி), அப்பா லோரி ஓட்டுநர், மகனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை" என்று எழுதினால் எந்த வீடு என்று லயத்துக்கே, தொழிலாளர் வீட்டு வரிசைக்கே, தெரிந்துவிடும். மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள். தோட்டத்தின் பெயரும் வேண்டாம். பெயரையும் அதற்குப் பதிலாக நீ போடும் எண்ணையும் இணைக்கும் தாளைப் பேட்டிகளோடு வைக்காதே. கைப்பேசிப் பதிவு தானாக இணையத்தில் ஏறாதபடி நிறுத்திவிடு.

"உங்களுக்குத் தெரியாததா டீச்சர்" என்பார்கள். நீ தலையாட்டினால் பதிவில் ஒன்றுமே இருக்காது. உள்ளூர்க்காரர்களின் ஆய்வு பெரும்பாலும் இங்கேதான் ஓட்டையாகிறது. "நீங்க சொல்ற மாதிரி கேக்கணும்" என்று கேள்.

ஆசிரியர் அறையில் தேநீர் நேரத்தில் காதில் விழுவது தரவு இல்லை. தேவைப்பட்டால் சொன்னவரிடமே போய்க் கேள். நோட்டு திறந்திருந்தால் ஆய்வு, மூடினால் முடிந்தது என்று எல்லாருக்கும் சொல்லி வை. குறிப்பை அன்றிரவே எழுது: இடப்பக்கம் கேட்டதும் பார்த்ததும், வலப்பக்கம் நீ நினைத்தது.

கேள்வித்தாளை எனக்கு அனுப்பு. 'இடைநிற்றல்' என்று போட்டிருப்பாய். லயத்தில் அதை, "படிப்ப நிறுத்திட்டான்" என்பார்கள்.

அப்பா