சித்தி, ஒரு ராத்திரியைக் கிசோவுக்குக் கொடுங்கள்

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் அனுப்பிய ஜப்பான் பயணத் திட்டத்தைப் பார்த்தேன். டோக்கியோ, அங்கிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயில், அப்புறம் கியோட்டோ. நல்ல திட்டம்தான். ஆனால் நடுவில் ஒரு ராத்திரியைக் கிசோ என்ற மலைப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்கி, அங்குள்ள மகோமே என்ற பழைய ஊரிலிருந்து சுமாகோ என்ற ஊருக்கு நடந்து போங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

எடோ என்று பெயர் இருந்த காலத்தில் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு இரண்டு பெரிய சாலைகள் இருந்தன. கடலை ஒட்டிப் போனது தொகாய்தோ. மலைகளுக்குள் புகுந்து போனது நகசெந்தோ. சுமார் 530 கிலோமீட்டர், வழியில் பயணிகள் தங்க 69 ஊர்கள். மகோமேயும் சுமாகோவும் அவற்றில் இரண்டு. தொகாய்தோவில் பெரிய ஆறுகள் குறுக்கிடும். வெள்ளம் வந்துவிட்டால் வடியும்வரை கரையில் கிடக்க வேண்டியதுதான். அதனால் ஏற்ற இறக்கம் இருந்தாலும் பெண்களுக்கு மலைவழியே மேல் என்று நினைத்தார்கள். பேரரசரின் தங்கை கசுனோமியா 1861-இல் ஷோகனை, அதாவது நாட்டை உண்மையில் ஆண்ட படைத்தலைவரை, மணக்க எடோ போனதும் இந்த வழியாகத்தான்.

அதற்காகப் பெண்கள் நினைத்தபோது நடந்துவிட முடியாது. இதே சாலையில் கிசோ ஃபுகுஷிமா என்ற ஊரில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. எடோவுக்குள் போகும் துப்பாக்கிகளையும் எடோவை விட்டு வெளியே வரும் பெண்களையும்தான் அங்கே குறிப்பாகத் தேடினார்கள். பிரபுக்களின் மனைவிமார் எடோவில் பிணை போல வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் தப்பிப் போனால் கலகம் வரப்போகிறது என்று அரசு பயந்தது. பெண்கள் தங்களுக்கென்று தனியாக வாங்கிய அனுமதிச் சீட்டைக் காட்டித்தான் தாண்ட வேண்டும். யாரிடமும் கேட்காமல் நீங்கள் தனியாக இந்தச் சாலையில் நடக்கப்போவதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, உங்கள் முழங்கால் விஷயம். தூரம் 8 கிலோமீட்டர்தான். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். மகோமேயில் தொடங்கினால் சுமார் 800 மீட்டர் உயரக் கணவாய்வரை ஏற்றம் குறைவு, பிறகு நீண்ட இறக்கம். மூட்டுக்கு இறக்கம்தான் சிரமம், அதனால் கைத்தடி அவசியம். கல் பாவிய இடங்கள் மழையில் வழுக்கும். வழியில் ஆங்காங்கே மணிகள் தொங்கும். கரடி ஒதுங்கிப் போவதற்காக. வெட்கப்படாமல் பலமாக அடியுங்கள். பாதி வழியில் ஒரு பழைய தேநீர் வீடு வரும். அடுப்பங்கரைப் புகைவாசம், உள்ளூர்க்காரர்கள் காசு கேட்காமல் தரும் தேநீர். உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள்.

சுமாகோவைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். ரயில் பாதை ஊருக்குள் வராமல் விலகிப் போனது. நடந்து வந்த கூட்டம் நின்றது. ஊர் மெல்லக் காலியானது. 1960-களின் இறுதியில் மிச்சமிருந்தவர்கள் பழைய வீடுகளைச் செப்பனிடத் தொடங்கினார்கள். 1971-இல் ஊரே கூடி முடிவெடுத்தது: விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம். ஜப்பான் முழுக்கப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கையில் பணம் புரளாத ஒரு மலை ஊர் அப்படிச் சொன்னதை நான் பெரிய துணிச்சலாகவே பார்க்கிறேன். பாதுகாக்கப்படும் ஊர் என்று அரசு அறிவித்தது 1976-இல், அதற்குப் பிறகுதான். மகோமேயும் அழகுதான், ஆனால் அது தீயில் எரிந்து திரும்பக் கட்டிய ஊர்.

அதனால்தான் ராத்திரி தங்கச் சொல்கிறேன். பகலில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களை மட்டும் நம்பி அந்த வீடுகள் நிற்க முடியாது. விடுதிகள் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மீன் சாப்பிட மாட்டீர்கள் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். சூப்பிலும் சோபா நூடுல்ஸின் சாறிலும் மீன் கலந்திருக்கும். தேதி முடிவானதும் எழுதுங்கள், ஜப்பானிய மொழியில் அனுப்ப வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்