பாலத்தடியில் எங்களோடு நடந்தவர்களுக்கு

அன்புள்ள ஊராருக்கும், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டையிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்து சேர்ந்தவர்களுக்கும் வணக்கம்.

சிறுநீரக நோயாளிகளுக்காக ரயில்வே சுரங்கப்பாதை வழியாக நாம் நடந்த ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். யாரை முதலில் சொல்வது என்று தெரியாமல் இரண்டு முறை தாளைக் கிழித்தேன். இன்று காலை என் தகப்பனார், அப்பச்சிதான் சொன்னார்: "தண்ணியை இறைச்சவங்களை மொதல்ல எழுது ஆத்தா." அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தால் ரயில்வே சுரங்கப்பாதையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தள்ளிவைத்துவிடலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, கண்மாய்க்கரைப் பக்கத்து விவசாயி ஒருவர் டீசல் இன்ஜினை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. தூய்மைப் பணியாளர்கள் ஆறு பேர், வேலை நேரம் முடிந்த பிறகும், சல்லடைக் கம்பியை அடைத்துக் கிடந்த செம்மண்ணை மண்வெட்டியால் வழித்து வழித்துக் கரையேற்றினார்கள். இன்ஜின் விடியற்காலை மூன்று மணிவரை ஓடியது. ஐந்தரைக்கு நாங்கள் போனபோது தரையைக் கழுவி, ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தது. அந்த ஆறு பேரில் நான்கு பேர் குளித்துவிட்டு வந்து எங்களோடு நடந்தார்கள். டீசலுக்கு என்று நான் கொடுத்த பணத்தை இன்ஜின்காரர் வாங்கி, என் கண் முன்னாலேயே வசூலுக்கு வைத்த ஓலைக்கூடையில், கொட்டானில், போட்டுவிட்டுப் போனார்.

நடப்பதற்கு எவ்வளவோ நல்ல தெரு இருக்க, ஏன் அந்தப் பள்ளத்தில் என்று சிலர் கேட்டீர்கள். அப்பச்சிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து நான்கு வருடமாகிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குச் செலவில்லை. ஆனால் போய்வரும் ஆட்டோவுக்கும், கூடவே போகிறவரின் அன்றைய கூலிக்கும் எந்தத் திட்டமும் இல்லை. அப்பச்சிக்குப் பக்கத்துப் படுக்கையில் படுக்கிறவர்கள் பெரும்பாலும் கூலி வேலை பார்த்த குடும்பங்கள். வண்டிக்குக் காசில்லாமல் ஒரு முறையை விட்டுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை தப்பினால் உடம்பில் தங்கும் நீர் நுரையீரலில் ஏறும். படுத்தால் மூச்சு முட்டும்.

போன வருட மழையில் எங்களுக்கே அது நடந்தது. சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். ஆட்டோ திரும்பியது. சுற்றி வந்து சேர்ந்தபோது அப்பச்சியின் முறை போய்விட்டது. அன்று இரவு முழுக்க அவர் தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். நானும் தூங்கவில்லை. இந்த நடையைப் பற்றிய நினைப்பு அந்த ராத்திரியில்தான் வந்தது. நோயாளிகள் வாராவாரம் கடக்கிற அதே வழியில் ஊரும் ஒரு தடவை காலால் நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முற்றத்தில் விழுந்த மழையை வாய்க்காலில் விட்டு, தெருத் தெருவாக நடத்தி, ஊருணியில் கொண்டு சேர்த்த முன்னோர் கட்டிய ஊர்கள் இவை. இந்தப் பள்ளத்துத் தண்ணீருக்கும் ஒரு வழி வைக்க நம்மால் முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நடையை ஒழுங்குபடுத்தியவர்கள் பழனிப் பாதயாத்திரைக்காரர்கள். தைப்பூசத்துக்கு வருடா வருடம் காவடியோடு குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாக நடந்து பழகிய கால்கள். மூன்று கிலோமீட்டர் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் முதல் நாளே வந்து பாதையைப் பார்த்தார்கள். மெதுவாக நடக்கிறவர்களை முன்னால் விட வேண்டும், வேகமாக நடக்கிறவர்கள் பின்னால் வர வேண்டும் என்று சொன்னார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. நடக்கும்போது புரிந்தது: ஒருவரும் பின்தங்கவில்லை. சக்கர நாற்காலிகள் முதலில், ஆச்சிகள் அடுத்து, பிள்ளைகள் கடைசியில். பிள்ளைகளை அடக்கி வைப்பதற்குத்தான் அவர்கள் பட்ட பாடு!

இரண்டு மணி நேரம் வாகனங்களை வேறு வழியில் திருப்பிவிட்ட போக்குவரத்துக் காவலர்களுக்கும், தெருவோரம் நாற்காலி போட்டுத் தந்த கடைக்காரர்களுக்கும் நன்றி.

உள்ளே இறங்கியதும் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். கான்கிரீட் பெட்டிக்குள் முதல் பையன் "ஓ"வென்று ஒரு சத்தம் கொடுத்தான். அது திரும்பி வந்தது. அவ்வளவுதான், அத்தனை பிள்ளைகளும் தொடங்கிவிட்டார்கள். ஆச்சிகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அப்பச்சி என் கையைத் தட்டி, "வண்டியை நிறுத்து, நான் எறங்குறேன்" என்றார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடது கையை யாரும் பிடித்துவிடக் கூடாது என்று செவிலியர் அந்தப் பக்கம் நின்றுகொண்டார். நான் வலது பக்கம். அப்பச்சி இறங்கி நடந்தார். பாதி தூரம் போயிருப்போம், தலைக்கு மேல் ரயில் வந்தது. சுவரெல்லாம் அதிர்ந்தது. பிள்ளைகள் தானாகவே வாயை மூடிக்கொண்டார்கள். ரயில் போய் முடியும்வரை எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றோம். பிறகு அப்பச்சி ஒரு அடி எடுத்து வைத்தார், பின்னால் அத்தனை பேரும் எடுத்து வைத்தீர்கள். அந்தக் காலடிச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

டயாலிசிஸ் பிரிவிலிருந்து வந்த மூன்று செவிலியர்களும் விடுமுறை நாளைக் கொடுத்து வந்தார்கள். இளநீர்க்காரர் ஒரு வண்டி நிறைய இளநீர் இலவசமாகக் கொண்டுவந்திருந்தார். சிறுநீரக நோயாளிகளுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது, இதயத்தையே பாதிக்கும் என்று செவிலியர் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் அதன் பிறகு அவரே காவல்காரராகிவிட்டார். நோயாளி என்ற அடையாளத்துக்கு மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்த ஒருவருக்கும் அவர் இளநீர் சீவவில்லை. அவர்களுக்கு ஐஸ் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சின்னக் கட்டியாக எடுத்துக் கொடுத்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து குடிக்கிறவர்களுக்கு வாயில் கரையும் ஐஸ் துண்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சமையல் மாஸ்டருக்கும் அவர் ஆட்களுக்கும் எங்கள் தெருவே கடன்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் வெள்ளைப் பணியாரம், இட்லி, கோசமல்லி, மசாலாச் சீயம். நோயாளிகளுக்குத் தனி அடுப்பில், உப்பில்லாமல் இட்லி. காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் செய்த கூட்டு. தனியாகச் சமைத்தாலும் தனியாகப் பரிமாறவில்லை. ஒரே பந்தியில், எல்லோருக்கும் போட்ட அதே வாழை இலையில் வைத்தார். நான்கு வருடமாகக் கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காராத அப்பச்சி அன்று உட்கார்ந்து சாப்பிட்டார்.

வசூலுக்கு உண்டியல் வைக்க வேண்டாம், பனையோலைக் கொட்டான் வைப்போம் என்று சொன்ன ஆச்சிமார், இருபது கொட்டான்களைத் தாங்களே முடைந்து தந்தார்கள். மொய் எழுதுவது போல ஒவ்வொரு தொகையையும் ஏட்டில் பெயரோடு எழுதினார்கள்; பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு "பிள்ளையார்" என்று எழுதினார்கள். லாபத்தில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கிய ஊரில் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். வரவும் செலவும் கோயில் வாசல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஏட்டையும் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். பணம் இரண்டு காரியங்களுக்கு: நோயாளிகளை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு வேன் வாடகைக்கு, மழைக்காலம் முடியும்வரை சுரங்கப்பாதைக்கு அருகில் ஒரு இன்ஜின் தயாராக நிற்பதற்கு.

பெயர் சொல்லாமல் விட்டவர்கள் நிறைய. கோபிக்க வேண்டாம். நேரில் வந்து கையைப் பிடித்துச் சொல்கிறேன்.

பந்தி நடந்த இடத்தில் குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒன்று கிடைத்தது. அடையாளம் சொல்லி எங்கள் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

வேன் வரும் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து கிளம்புகிறது. அப்பச்சியோடு எட்டுப் பேர் போகிறார்கள். இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. தேவைப்படுகிற வீடு உங்களுக்குத் தெரிந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
அப்பச்சியும் அவர் மகளும்