எந்தத் தானியம் என்பதோடு எப்படி, எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நீரிழிவும் பாரம்பரியத் தானியங்களும் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தத் தானியங்களால் பலன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இக்ரிசாட் என்னும் பன்னாட்டு வறண்ட நிலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2021-இல் வெளியான, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வில், சிறுதானியம் சாப்பிட்டு வந்த நீரிழிவாளர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 12 சதவீதமும், சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 15 சதவீதமும் குறைந்திருந்தது. மாத்திரையின் இடத்தைப் பிடிக்கும் அளவு இல்லை என்றாலும், சாப்பாட்டை மாற்றியே இவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம்.

ஆனால் கம்பு, வரகு, சாமை, தினை என்று பெயர்களை அடுக்கிய கட்டுரை, எந்த வடிவில், எவ்வளவு என்பதைத் தொடவே இல்லை. உணவியல் ஆலோசகராக இருக்கும் எனக்கு அதுதான் பெரிய குறை. "சிறுதானியத்துக்கு மாறிவிட்டேன், சுகர் மட்டும் இறங்கவே இல்லை" என்று வருத்தத்தோடு வருபவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சியைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

தானிய மணிக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தவிடும் செல்சுவர்களும் பொதிந்து வைத்திருக்கின்றன. மணி முழுதாக இருந்தால் செரிமான நொதிகள் உள்ளே நுழையவே நேரம் எடுக்கும். சர்க்கரையும் மெல்ல மெல்லத்தான் இரத்தத்தில் ஏறும். அதையே மாவாக்கி, நிறையத் தண்ணீர் விட்டுக் குழையக் காய்ச்சினால் அந்தத் தடுப்பு போய்விடுகிறது. கேழ்வரகின் மேல்தோல் மணியோடு ஒட்டியிருப்பதால் மாவில் நார்ச்சத்து தங்கிவிடும், உண்மைதான். ஆனாலும் அந்தக் கூழ் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். சத்துக் குறைவென்று பொருளல்ல; நீரிழிவாளருக்கு அந்தப் பக்குவம் ஏற்றதல்ல, அவ்வளவே.

வரகு, சாமை, தினைக்கு உமி நீக்கியே ஆகவேண்டும், அது உண்ணத்தக்கதல்ல. அதோடு நிறுத்தாமல் தவிட்டையும் தீட்டி எடுத்துவிடுகிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்: தவிடு உள்ள மணி மங்கலாக, ஓரளவு சொரசொரப்பாக இருக்கும், வேக நேரம் பிடிக்கும், சீக்கிரம் சிக்குவாடையும் அடிக்கும். தீட்டியது வெளுத்துப் பளபளக்கும், சட்டென்று குழைந்துவிடும். பிந்தையதை வாங்கிக்கொண்டு, முழுத்தானியம் சாப்பிடுகிறோம் என்று நம்புபவர்கள் ஏராளம். பாவம், அவர்கள் மேல் என்ன தவறு?

அளவு இன்னும் முக்கியம். தீட்டிய அரிசி 100 கிராமில் 78 கிராம் அளவுக்கு மாவுச்சத்து என்றால், கேழ்வரகிலும் அது 70 கிராமை ஒட்டி இருக்கிறது. "இதுதான் சுகருக்கு நல்லதாச்சே" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் மிச்சப்பட்டது அங்கேயே போய்விடும். தானியத்தைக் குறைத்து, தட்டில் பாதிக்குக் காய்கறியும் கூடவே பருப்போ பயறோ வைத்துக்கொண்டால்தான் பலன் தெரியும். தனக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று அறிய, வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர் ஒரே அளவு தானியத்தை ஒருநாள் கஞ்சியாகவும் மறுநாள் முழு மணியாக வேகவைத்தும் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார்க்கட்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, இத்தகைய கட்டுரைகளைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துபவர்கள்தான். நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது: இன்சுலின் போடுபவர் மருந்தளவை மாற்றாமல் உணவில் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழக்கூடும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களோ, முழுத்தானியங்களில் பாஸ்பரசும் பொட்டாசியமும் கூடுதல் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் மாறவே கூடாது.

அடுத்த முறை இதுபற்றி வெளியிடும்போது ஒவ்வொரு தானியத்துக்கும் பக்குவத்தையும் ஒருவேளைக்கான அளவையும் சேர்த்து, மருந்து எடுப்பவர்களுக்கான எச்சரிக்கையைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர், தங்கள் வாசகர்