பிள்ளைகள் நம்பிப் படிக்கிற பக்கத்தில் இப்படியா எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில் கடலடி எரிமலை பற்றி வந்த கட்டுரையில், 'எரிமலை வெடித்த கடலடி பல காலம் உயிரற்றுக் கிடக்கும், வெயில் படாத ஆழத்தில் உயிர் வாழ வழியில்லை' என்று ஒரு வரி. வாசித்ததும் வயிறு எரிந்தது. 1977 இல் பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுகள் பக்கம், இரண்டரை கிலோமீற்றர் ஆழத்துக்கு அல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள் என்ன கண்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே? வெந்நீர் ஊற்றைச் சுற்றிச் சிப்பியும் நண்டும் வாயோ குடலோ இல்லாத குழாய்ப்புழுக்களும் கூட்டமாக இருந்தன. அந்தப் புழுவுக்குள் வாழும் பற்றீரியா ஊற்று நீரில் வரும் ஐதரசன் சல்பைட்டை ஒட்சியேற்றி, அந்தச் சக்தியில் உணவு தயாரித்துப் புழுவையும் வாழவைக்கிறது. அந்த உணவைத் தயாரிக்க நேரடியாகச் சூரிய ஒளி தேவையில்லை. 1991 இல் கிழக்குப் பசிபிக் கடலடியில் வெடித்த சூட்டோடு இறங்கிப் பார்த்தபோது, பாறைப் பிளவுகளிலிருந்து நுண்ணங்கிகள் உண்டாக்கிய வெள்ளைத் துணுக்குகள் இலவம் பஞ்சு போல அள்ளிக்கொண்டு வந்தன, இரண்டு மூன்று வருடத்துக்குள் அங்கே குழாய்ப்புழுக்களும் ஒரு மீற்றருக்கு மேல் வளர்ந்து நின்றன. இதையா உயிரற்ற இடம் என்கிறீர்கள்?

நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் என்று ஓர் அறை இருக்கிறது, உள்ளே உடைந்த மேசைதான். லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தை விட்டால் உங்கள் பக்கம்தான். அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள். பிழை என்று சொன்னால், "பேப்பர்லயே போட்டிருக்காங்களே டீச்சர்" என்கிறாள் ஒருத்தி, அவளுக்கு நான் என்ன சொல்ல?

அந்தப் பக்கமும் முன்பு முழுப் பக்கம், இப்போது பாதி, மற்றப் பாதியில் டியூஷன் விளம்பரம். மலையகம் என்றால் மண்சரிவு வந்தால் ஒரு படம், சம்பளப் பேச்சு வந்தால் ஒரு படம், அதோடு சரி. எங்கள் பிள்ளைகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க டவுனுக்குப் போய்த் தங்க வேண்டியிருப்பதைப் பற்றிப் போன வருடம் எழுதினேன், அது வரவே இல்லை. நீங்கள் வேலை நெருக்கடியில் இருந்திருப்பீர்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தவணைப் பரீட்சைக்கு முன்னால், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்